வருவேன் என்று சொன்ன சொல்

மழலையர்க்குக் கற்பிக்கப் புதிதாக முன்வரும் ஒருவரிடம் நாம் முதலில் பேச வேண்டுவது எழுத்தைப் பற்றியோ எண்ணைப் பற்றியோ அன்று, வாசற்படியைப் பற்றியே. கல்வி குறித்த நூல்கள் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளன. இரண்டு வயதும் மூன்று வயதுமான குழந்தைகளின் முன் நிற்கப்போகிறவர் அந்நூல்களைப் படித்துவிட்டு வந்து, முதல் நாள் காலையிலேயே திகைத்துப் போகிறார். அங்கே பாடம் இன்னும் தொடங்கவில்லை, அழுகை தொடங்கிவிட்டது. தாயின் சேலைத் தலைப்பைப் பற்றியிருக்கும் சிறு கையைத் தளர்த்த முடியவில்லை. அவ்வேளையில் அனுபவமுள்ள யாரேனும் ஒருவர் தாயின் காதருகே ஒரு யோசனை சொல்வதுண்டு: "பிள்ளை பாக்காத நேரமா நழுவிடுங்கக்கா. கொஞ்ச நேரம் அழும், அப்புறம் சரியாயிடும்." ஆசிரியை குழந்தையைச் சன்னலோரம் தூக்கிச் சென்று காக்கையைக் காட்டுகிறார். குழந்தை திரும்பிப் பார்க்கும்போது தாய் இல்லை.

நாள்தோறும் நாடெங்கும் நடக்கும் எளிய செயல் இது. இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. தாய்க்கு வேலைக்கு நேரமாகிறது. ஆசிரியைக்கு மற்றப் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அழுகை நீள்வதைக் காட்டிலும் சட்டென்று முடிவதே குழந்தைக்கும் நல்லது என்று இருவரும் உண்மையாகவே நம்புகின்றனர். ஆயினும் இச்செயலுக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்து கிடக்கிறது. ஒருவருடைய நன்மைக்காகவே அவரை ஏமாற்றலாமா? அதிலும், தாம் ஏமாற்றப்பட்டதை எடுத்துச் சொல்ல மொழியே இன்னும் வாய்க்கப்பெறாத ஒருவரை?

இக்கேள்வியை எங்கும் எழுப்பலாம். நாம் அதனை ஜெகதாப்பட்டினத்தின் கரையில் வைத்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை நீளமானதன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பாக் நீரிணைப் பகுதியைப் பார்த்தபடி கிடக்கும் அதன் மீனவ ஊர்களுள் ஜெகதாப்பட்டினமும் அண்டை ஊரான கோட்டைப்பட்டினமும் விசைப்படகுத் தளங்களாக அறியப்பட்டவை. ஒரே கடலை நாட்டுப்படகுகளும் விசைப்படகுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் கிழமைகள் பிரிக்கப்பட்டுள்ளன. திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் விசைப்படகுகள் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கடலுக்குப் போகும். மறுநாள் கரை திரும்பும். ஆகவே இவ்வூர்ப் பிள்ளை பேசக் கற்பதற்கு முன்பே ஒரு தாளத்தைக் கற்றுவிடுகிறது. அப்பா போவார், அப்பா வருவார். கிழமைகளின் பெயர் தெரியாமலேயே அது கிழமைகளை அறிகிறது.

சில நாட்களில் அந்தத் தாளம் அறுந்துபோகிறது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இக்கடலில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஓர் எல்லைக் கோட்டை வகுத்தன. அக்கோட்டுக்கு அப்பால், நெடுந்தீவை ஒட்டிய நீர்ப்பரப்பில் மீன் பிடித்ததாகச் சொல்லிப் படகுகள் சிறைபிடிக்கப்படுவதும், அவற்றில் இருந்தோர் யாழ்ப்பாணத்தில் காவலில் வைக்கப்படுவதும், காவல் தவணை தவணையாக நீட்டிக்கப்படுவதும் நாம் செய்தித்தாளில் வாசித்து வாசித்து மரத்துப்போன செய்திகள். இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அயல்நாட்டுப் படகுகளுக்கான தண்டத்தை 2018இல் பன்மடங்காக்கியது. 2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகொன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியதில் நால்வர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபரிலும் அவ்வாறே ஓர் உயிர் போயிற்று. நியாயம் எப்பக்கம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. இழுவை மடியால் வலை அறுபட்ட அக்கரைத் தமிழ் மீனவரின் வீட்டிலும் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று உண்டு என்பதை மட்டும் மறவாதிருப்பது நமக்கு நல்லது.

இத்தகைய ஊரில் பால்வாடியின் வாசலில் நின்றுகொண்டு, "இதோ வந்துடுவாங்க" என்று ஓர் ஆசிரியை சொல்வாராயின், அது வெறும் சமாதானச் சொல் அன்று. போகிறவர் வருவார் என்பதே இவ்வூர்க் குழந்தை தன் வாழ்வின் அடித்தளமாகக் கொண்டிருக்கும் செய்தி. அச்செய்தியைக் கையாளும் பொறுப்பு அவருடைய நாவில் இருக்கிறது.

பால்வாடி என்று மக்கள் பழக்கத்தில் சொல்லும் அங்கன்வாடி மையங்கள், 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நாடெங்கும் பரவியவை. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை. அங்கன் என்னும் சொல்லுக்கு முற்றம் என்பது பொருள். இப்பெயருக்குப் பின்னால் நாம் அறிய வேண்டிய ஒரு வரலாறு உண்டு. தாராபாய் மோடக் என்னும் அம்மையார், அனுதாய் வாக் என்னும் உடனூழியரோடு, 1945இல் மராட்டியக் கடற்கரையில் போர்டி என்னும் சிற்றூரில் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார். மையத்துக்கு வாராத ஏழைக் குழந்தைகளை எவ்வாறு வரவழைப்பது என்று அவர்கள் நெடுநாள் மாய்ந்துகொண்டிருக்கவில்லை. குழந்தைகள் வாழ்ந்த குடிசைகளின் முற்றத்துக்கே தாங்கள் போனார்கள். அங்கே ஆடு உண்டு, கோழி உண்டு, பாட்டி உண்டு. குழந்தை எவரையும் பிரிய வேண்டியதில்லை, வந்தவர் ஆசிரியரே. இன்று நம் மையங்கள் கட்டடங்களாகிவிட்டன. அது தவிர்க்க இயலாதது. ஆனால் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் அந்த முற்றம், புதிய ஆசிரியைக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறது: இங்கே விருந்தாளி குழந்தையன்று, நாமே.

நழுவிச் செல்லும் தாயைப் பற்றிய கேள்விக்கு மீள்வோம். "இரண்டு வயதுக்கு என்ன தெரியும்? பத்து நிமிடத்தில் மறந்துவிடும்" என்பது எளிதாகச் சொல்லப்படும் விடை. உண்மையில் அந்த வயதுக்கு மிகவும் நன்றாகத் தெரிந்த ஒரே கலை, போவதும் வருவதும் பற்றிய கலைதான். நம் வீடுகளில் தாய் முந்தானையால் முகத்தை மூடி, "அம்மாவைக் காணோமே" என்று சொல்லி, சட்டென்று விலக்கி, "இதோ!" என்கிறாள். குழந்தை வயிறு குலுங்கச் சிரிக்கிறது, மறுபடியும் கேட்கிறது, நூறு முறை கேட்கிறது. எதற்காக இத்தனை மகிழ்ச்சி? காணாமற்போனது திரும்பி வருகிறது என்பதை அது சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிக்மண்ட் பிராய்டு 1920இல் வெளியிட்ட நூலொன்றில் ஒன்றரை வயதான தம் பேரனைப் பற்றி எழுதியிருக்கிறார். நூல் கட்டிய மரக்கட்டை உருளையொன்றைக் குழந்தை கட்டிலுக்கு அப்பால் எறிந்து 'போயிற்று' என்ற ஒலி எழுப்பும். நூலைப் பற்றி இழுத்து, உருளை வெளிப்பட்டதும் 'இதோ' என்று மகிழும். தாய் வெளியே போவதைப் பொறுத்துக்கொள்ள அது தானாகவே கண்டுபிடித்த பயிற்சி என்று அவர் கருதினார். பிராய்டின் கொள்கைகள் யாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தாத்தா கண்ணாரக் கண்ட இதனை மறுக்கவும் வேண்டியதில்லை.

எனவே நழுவிச் செல்லும் தாய் வெறும் பத்து நிமிட அழுகையை விட்டுச் செல்லவில்லை. குழந்தை இத்தனை பாடுபட்டுச் சேர்த்துக்கொண்டிருந்த நம்பிக்கையிலிருந்து ஒரு பிடியை எடுத்துக்கொண்டு செல்கிறாள். மறுநாள் அக்குழந்தை காக்கையைப் பார்க்கத் திரும்பாது. காக்கை காட்டுவது எதற்கு முன் நடக்கும் செயல் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. சில குழந்தைகள் அதன்பின் வீட்டிலும் தாய் அடுப்படிக்குப் போனாலே பின்னால் ஓடுவார்கள். "பால்வாடிக்கு அனுப்பியதிலிருந்து பிள்ளை ரொம்ப ஒட்டிக்கிச்சு" என்று தாய் குறைப்படுவாள். ஒட்டிக்கொள்வதில் வியப்பென்ன? கண் எடுத்தால் காணாமற்போகும் பொருளை யாரும் கண் எடுக்காமல்தான் பார்ப்பர்.

அழாத குழந்தையைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருவோர் செய்யும் கணிப்புகளுள் மிகவும் பிசகானது, அமைதியாக மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் 'பழகிவிட்ட பிள்ளை' என்று எண்ணுவது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இலண்டனில் ஒரு படம் எடுத்தார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை அப்படம் பின்தொடர்கிறது. அக்காலத்து மருத்துவமனைகள் பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்தன. பெற்றோர் வந்து போனால் குழந்தைகள் அழுகின்றனர், வாராவிட்டால் அமைதியாக இருக்கின்றனர் என்பது செவிலியர் சொன்ன காரணம். ராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய ஜான் பௌல்பியும் அந்த அமைதியை வேறுவிதமாகப் படித்தனர். முதலில் குழந்தை எதிர்த்து அழுகிறது. பிறகு ஏங்கித் துவளுகிறது. அதன்பின் பற்றையே அறுத்துக்கொள்கிறது. மூன்றாவது நிலையில் அது எவரிடமும் சிரிக்கும், கொடுத்ததைத் தின்னும், தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனைத்தான் 'தேறிவிட்டது' என்று எழுதி வைத்தார்கள். 1959இல் பிரித்தானிய அரசு அமைத்த குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்குமாறு பரிந்துரைத்ததற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அழுகின்ற குழந்தை இன்னும் நம்மிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறது. நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறது. மூலையில் இருக்கும் அமைதியான பிள்ளையருகே போய், ஒன்றும் பேசாமல், சிறிது நேரம் தரையில் உட்கார்ந்திருப்பதே அதற்கு அன்றைய பாடம்.

இனி, ஏமாற்றலாமா என்ற கேள்விக்கு வருவோம். நம் மரபில் இதற்கு இரண்டு பெரும் குரல்கள் உண்டு. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்னும் பொருள்படக் கூறினார். நழுவிப்போகும் தாய்க்குச் சான்றாக இக்குறளையே நம்மவர் உடனே எடுத்து வைப்பர். மறுபக்கம் புனித அகுஸ்தினார். கி.பி. 395 அளவில் பொய்மை குறித்து எழுதிய நூலில் பொய்களை எட்டு வகையாகப் பிரித்து, எவ்வகையும் ஆகாது என்று முடித்தார். கால் நூற்றாண்டு கழித்து, கி.பி. 420 அளவில், பொய்மையை எதிர்த்து மீண்டும் எழுதினார். அதில் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறார். உயிருக்குப் போராடும் ஒரு நோயாளியின் அன்பு மகன் இறந்துபோகிறான், தந்தைக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த அதிர்ச்சியே அவரைக் கொன்றுவிடக்கூடும். "என் மகன் நலமா?" என்று அவர் கேட்கிறார். என்ன சொல்வது? அகுஸ்தினார் கல்மனத்தோடு இதற்கு விடை கூறவில்லை. இவ்வழக்கு தம்மை எவ்வளவு உலுக்குகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் பொய் சொல்வதற்கு இசையவுமில்லை.

தந்தை மகனைப் பற்றிக் கேட்ட கேள்வியை, ஜெகதாப்பட்டினத்தில் மகன் தந்தையைப் பற்றிக் கேட்கிறான். அவ்வளவே வேறுபாடு.

இவ்விருவரும் முற்றிலும் எதிரெதிர் என்று நாம் கருதவில்லை. வள்ளுவர் வைத்த நிபந்தனை மிகக் கடுமையானது. விளையும் நன்மையில் ஒரு மாசும் இருத்தலாகாது. வாசற்படி ஏமாற்று அத்தேர்வில் தேறாது. அதனால் விளையும் நன்மை பெரியவர்களுக்கு, மாசு குழந்தைக்கு. அகுஸ்தினாரோ, பொய் சொல்வது வேறு, உண்மையைச் சொல்லாமல் காப்பது வேறு என்று தெளிவாகப் பிரித்தவர். மழலையரிடையே பணிபுரிவோர்க்கு இந்தப் பிரிவினை பெருந்துணை. குழந்தையிடம் எல்லா உண்மையையும் கொட்ட வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. நீதிமன்றம், காவல், தண்டம் எதுவும் அதற்கு வேண்டாம். சொல்வது சிறிதாயினும் சொன்னது நிற்க வேண்டும். அவ்வளவே.

நடைமுறையில் இது எப்படி? தாய் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். குழந்தை அழும் என்று தெரிந்தே சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதற்சில நாட்கள் தாயோ பாட்டியோ மையத்திலேயே சற்று நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. ஏலக்கூடத்துக்கோ கருவாடு காயப்போடவோ ஓட வேண்டிய தாய்க்கு அது பெரிய தியாகம் என்பதை அறிவோம். கால் மணி நேரமாவது கேட்டுப் பெறலாம். "நாலு மணிக்கு வருவாங்க" என்பது மூன்று வயதுக்குப் பொருளற்ற சொல். குழந்தைக்குக் கடிகாரம் இல்லை; வரிசை உண்டு. "பாட்டுப் பாடுவோம், சோறு சாப்பிடுவோம், தூங்குவோம், எழுந்திருச்சதும் அம்மா வருவாங்க" என்று சொன்னால், அது ஒவ்வொன்றாக நடந்தேறுவதைக் குழந்தை தன் கண்ணாலேயே சரிபார்க்கும். இதனால்தான் மையத்தின் ஒழுங்கு நாள்தோறும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்கிறோம். ஆய்வுக்கு வருகின்ற அதிகாரிக்காக அன்று. குழந்தைக்கு அதுவே நேரம் காட்டும் நிழல். சோற்றுக்கு முன் தூங்க வைத்தால், அதன் பகல்பொழுது இடிந்துவிடும். தாயின் பழஞ்சேலைத் துண்டு ஒன்றைக் குழந்தை கையில் வைத்திருந்தால் பிடுங்காதீர்கள். அழுக்காக இருக்கிறதென்று துவைக்கவும் அவசரப்படாதீர்கள். அழுக்கு என்று நாம் சொல்வது அதற்குத் தாயின் மணம்.

வேறு சில செய்திகளை விரைந்து சொல்லிவிடலாம். கடிக்கின்ற பிள்ளை கெட்ட பிள்ளையன்று. 'இது என்னுடையது' என்று சொல்லச் சொல் கிடைக்காமல் பல்லால் சொல்கிறது. கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள். கடித்த பிள்ளைக்கு ஒரு சொல் கொடுங்கள். பகிர்ந்து விளையாடச் சொல்லி இரண்டு வயதுப் பிள்ளையிடம் அறவுரை நிகழ்த்துவதைவிட, ஒரே மாதிரியான இரண்டு பந்துகளை வைத்திருப்பது பயன் தரும். குரலை உயர்த்தாதீர்கள், முழங்காலை மடக்குங்கள். பாட்டை மாற்றிக்கொண்டே இராதீர்கள். உங்களுக்குச் சலித்துப்போகும் நாளில்தான் அவர்களுக்கு அது பிடிக்கத் தொடங்கியிருக்கும். யார் பெரியவர் என்று சீடர்கள் வாதிட்டபோது ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையை நடுவில் நிறுத்தி அணைத்துக்கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். அப்பிள்ளைக்கு அவர் எதையேனும் கற்பித்ததாக எழுதவில்லை. முதல் மாதத்திலேயே அகர வரிசையை முடித்துவிடத் துடிக்கும் நம் ஆசிரியைகள் சற்று நின்று பார்க்கத்தக்க காட்சி அது.

அச்சுறுத்தலைப் பற்றி ஒரு சொல். பாவ்நகரில் 1920இல் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, அடியையும் அச்சுறுத்தலையும் மட்டுமன்றி, பரிசு காட்டி மயக்குவதையும் எதிர்த்தவர். நம் ஊர்களில் பூச்சாண்டியும் போலீசும் குழந்தையை அடக்கும் கருவிகளாக இன்னும் பயன்படுகின்றனர். "அழுதா பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்க" என்பது புதுக்கோட்டை நகரத்தில் ஒரு கற்பனை மிரட்டல். ஜெகதாப்பட்டினத்தில் அது அடுத்த வீட்டில் நடந்த செய்தி. பிடித்துக்கொண்டு போகப்பட்ட தந்தையின் பிள்ளை, அவரும் அழுததால்தான் போனார் என்று எண்ணிக்கொள்ளாதா? அல்லது, தான் அழுததால் அவரைப் பிடித்தார்கள் என்று? அந்த வயதில் உலகில் நடப்பவற்றுக்கெல்லாம் தானே காரணம் என்று குழந்தை நினைக்கும். இக்கரையில் இந்த மிரட்டல் எந்த ஆசிரியையின் வாயிலும் வரவே கூடாது.

படகு திரும்பாத நாளுக்கு மறுநாளும் அப்பிள்ளை பால்வாடிக்கு வரும். தாய் ஆட்சியர் அலுவலகத்துக்கும் சங்கக் கட்டடத்துக்கும் அலைய வேண்டியிருப்பதால் முன்னைவிடச் சீக்கிரமாகவே வரும். "எங்கப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்கும். புதிய ஆசிரியை என்ன செய்வார்? முதலில், அவர் தாயைக் கேட்க வேண்டும்: "பிள்ளைகிட்ட வீட்ல என்னக்கா சொல்லியிருக்கீங்க?" இது குழந்தையின் வீடு, அதன் துயரச் செய்தியை அறிவிக்கும் உரிமை முதலில் தாய்க்கு. ஒருவேளை தாய், "பொம்மை வாங்கப் போயிருக்காருன்னு சொல்லியிருக்கேன் டீச்சர்" என்று கண்கலங்கக்கூடும். அந்தத் தாயைக் குற்றவாளியாக்குவது நம் வேலையன்று. ஆனால் அந்தப் பொம்மை வாராது என்பதை மென்மையாகச் சொல்லத்தான் வேண்டும். தந்தை திரும்பி வரும் நாளில் அவர் கை வெறுங்கையாகத்தான் இருக்கும். வரவேற்க ஓடிய பிள்ளை முதலில் அந்தக் கையைப் பார்க்கும். அதுவரை ஆசிரியை அப்பொய்யை மறுக்கவும் வேண்டாம், தம் வாயால் வழிமொழியவும் வேண்டாம்.

தாயும் ஆசிரியையும் ஒத்துக்கொண்டு சொல்லத்தக்கது ஏறத்தாழ இவ்வளவு இருக்கலாம்: "அப்பா இன்னொரு ஊர்ல இருக்காங்க. இப்ப அங்கேருந்து வர முடியல. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியல. அம்மா இன்னைக்கு வருவாங்க. அது எனக்குத் தெரியும்." தெரியாது என்று ஒரு பெரியவர் சொல்வதைக் குழந்தை தாங்கும். தெரியும் என்று சொல்லிப் பொய்த்துப்போன ஒவ்வொரு நாளுக்குப் பின்னும், 'அம்மா இன்றைக்கு வருவாள்' என்ற மெய்யைக்கூட அது ஐயத்தோடுதான் வாங்கும்.

உண்மையை மறைக்க நேர்ந்தவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேச நமக்கு மனம் வரவில்லை. மழலைக் கல்வியில் உலகம் அறிந்த பெயர் மரியா மொந்தெசோரி. 1907 சனவரி 6ஆம் நாள் உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகக் 'குழந்தைகள் இல்லம்' திறந்தவர்; 1939இல் தம் 69ஆம் வயதில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர். 1898இல் மணமாகாத நிலையில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்காலத்துச் சமூகம் அதைப் பொறுத்திராது. மரியோ எனப் பெயரிடப்பட்ட அப்பிள்ளை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தாய் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். தாம் தாய் என்று சொல்லமாட்டார். மகன் பதின்பருவத்தில் அவரோடு சேர்ந்த பிறகும், பல பத்தாண்டுகள் உலகத்தாரிடம் மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே அறிமுகமானார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் இங்கிருந்த மரியோ எதிரிநாட்டவராக முகாமில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டு 31, அம்மையாரின் 70ஆம் பிறந்த நாள். அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது: பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பித் தருவதாக. அத்தந்தி மகன் என்றே குறிப்பிட்டது என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மரியோவோ, எவரும் சொல்லாமலேயே சிறு வயதிலிருந்து தம் தாய் யார் என்பதை உணர்ந்திருந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். வந்து வந்து போன அந்தப் பெண்மணியிடம் பிள்ளை எதைக் கண்டதோ நாம் அறியோம். நாம் மறைத்துவிட்டோம் என்று நினைப்பதில் பெரும்பகுதியைக் குழந்தைகள் நம் முகத்திலிருந்து முன்பே எடுத்துக்கொண்டிருப்பார்கள் போலும்.

இன்னும் கடினமானது சாவு. இறந்த தந்தையைப் பற்றி, "தூங்குறாங்க" என்று சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. அதைக் கேட்ட பிள்ளை அன்றிரவு தூங்க அஞ்சும். "சாமிகிட்டப் போயிட்டாங்க" என்பதில் நம் நம்பிக்கையின் மெய் இருக்கிறது. ஆயினும் போனவர் திரும்புவாரா என்று பிள்ளை அடுத்துக் கேட்கும்போது, திரும்பமாட்டார் என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும். இக்கரையில் ஒருபோதும் சொல்லத்தகாதது ஒன்றுண்டு: "அப்பா கடலுக்குப் போயிருக்காங்க." வேறு ஊரில் இது ஒரு தப்பிப்பு. இங்கோ, கடலுக்குப் போவது என்றால் நாளைக்கு வருவது என்று பொருள். அப்பிள்ளை மறுநாள் காலை கரையில் போய் நிற்கும்.

சில நாட்கள் கழித்து, காவலில் இருக்கும் தந்தையின் மூன்று வயது மகன் மற்றப் பிள்ளைகளிடம், "எங்கப்பா நேத்து வந்துட்டாங்க. பெரிய மீன் கொண்டாந்தாங்க" என்று சொல்லக்கூடும். "பொய் சொல்லாதே" என்று அதட்டத் தோன்றும். வாய்மையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிய நாமே அதட்டச் சொல்வோம் என்றும் தோன்றலாம். வேண்டாம். ஏமாற்றும் எண்ணமில்லாத இடத்தில் பொய்யும் இல்லை; இதுவும் அகுஸ்தினார் செய்த பாகுபாடுதான். அச்சிறுவன் செய்தி சொல்லவில்லை. நூல் கட்டிய உருளையை இழுத்துக்கொண்டிருக்கிறான். "அப்பா வந்தா நல்லா இருக்கும்ல?" என்று ஆசிரியை கேட்கலாம். அவ்வினாவில் மறுப்பும் இல்லை, பொய்யும் இல்லை. அவன் தலையசைப்பான், அல்லது அழுவான், எதுவாயினும் அது மெய்யாக இருக்கும்.

புதிதாக இவ்வூருக்கு வரும் ஆசிரியை நாட்காட்டியில் ஓரிடத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்னர் 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்கள். அந்த இரண்டு மாதமும் தந்தையர் கரையில் இருப்பர். வலை பின்னுவர், படகுக்கு வண்ணம் பூசுவர், கடன் வாங்குவர். பிள்ளைகள் அவர்கள் தோளிலேயே வளரும். ஜூன் நடுவில் ஒரு நாள் விடியுமுன் படகுகள் அனைத்தும் ஒன்றாகப் புறப்பட்டுப் போகும். பால்வாடிக்குப் புதுப்பிள்ளைகள் வருவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். இரண்டு பிரிவுகள் ஒரே பதினைந்து நாட்களில் ஒரு சிறு உயிரின்மேல் விழுகின்றன. ஆகவே புதுப்பிள்ளையை மே மாத இறுதியிலேயே, தந்தை கரையில் இருக்கும்போதே, அவர் கையைப் பிடித்து மையத்தின் திண்ணைக்கு வந்துபோகச் சொல்லுங்கள். பிள்ளையின் தகப்பனாரை இங்கே யாரும் கேட்டு வரச் சொல்வதில்லை, கேட்டால் வருவார். புறப்படுவதற்கு முன் பிள்ளையிடம் அவரே தம் வாயால் சொல்லட்டும். "காத்து நல்லா இருந்தா நாளைக்கு வந்துடுவேன்" என்று அவர் சொல்லக்கூடும். மறுநாள் பிள்ளை கேட்கும்போது, அந்த முதற்பாதியை விட்டுவிடாமல் அவர் சொன்னபடியே ஆசிரியை திருப்பிச் சொன்னால் போதும்.